வளைவும் வண்டியும்



எங்கள் தோட்டத்தில் ஒரு வளைவு இருக்கிறது. பெரிய சாலையிலிருந்து லயங்களுக்குத் திரும்பி, முனீஸ்வரர் கோயிலைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பும் அந்த வளைவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று இருக்கும். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, எங்கள் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்த தந்தை அந்த இடத்தில் சறுக்கி விழுந்தார். சிறுமிக்குக் கை முறிந்தது. தகப்பனாருக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. இரண்டு மாதம் சம்பளமும் இல்லை.

"அது காவு கேட்கும் இடம், சார்" என்றார்கள் பெரியவர்கள். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார்கள். சாமியைக் கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆறாம் ஆண்டு மாணவர்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "சார், நேர்ச்சாலையில் விழாதவர்கள் ஏன் அந்த இடத்தில் மட்டும் விழுகிறார்கள்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் நாம் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் வளைவை அளந்தோம். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இருபது மீட்டர் கயிறும் ஒரு அளவுகோலும் போதும். வண்டி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் இருவர் இரு பக்கமும் காவல் நிற்க, வளைவின் உட்புற ஓரத்தில் கயிற்றின் இரு முனைகளையும் வைத்து இழுத்துப் பிடித்தோம். கயிறு புல்லின் மேல் நேராக நின்றது. சாலையோரம் வில்லைப் போல வளைந்து நின்றது. கயிற்றின் நடுவிலிருந்து சாலை ஓரத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் சரியாக 1 மீட்டர். கயிற்றின் நீளத்தை அதே எண்ணால் பெருக்கினால் 400. இடைவெளியை எட்டால் பெருக்கினால் 8. நானூறை எட்டால் வகுத்தால் 50. ஆகவே அந்த வளைவு, 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டு என்று தெரிந்தது. ஆரம் குறையக் குறைய வளைவு கடுமையாகும்.

இந்தக் கயிற்றுக் கணக்கு நாம் கண்டுபிடித்ததன்று. இரயில் பாதையில் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான முறை. தண்டவாளத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்து, நடு இடைவெளியை அளந்து, வளைவு சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886-ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டி பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். பழைய இரயில் கொட்டடிகள் இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அந்த நிலையத்துக்குப் போகும்போது தண்டவாளம் வளையும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத் தண்டவாளத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஏன் அப்படி உயர்த்தினார்கள்? அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் வளைவின் இரகசியத்தில் பாதி புரிந்துவிடும்.

ஓடுகின்ற எந்தப் பொருளும் நேராகவே ஓட விரும்பும். பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது பேருந்து வலப்பக்கம் திரும்பினால் நம் உடம்பு இடப்பக்கம் சாய்கிறதல்லவா? நம்மை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பேருந்து திரும்புகிறது, நம் உடம்போ நேராகவே போகப் பார்க்கிறது. பால்மரம் வெட்டிய காலத்தில் பால் வாளியைச் சைக்கிளில் கட்டி வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளைவில் பால் வெளிப்பக்கமாகத்தான் தளும்பும்.

நேராகப் போகப் பார்க்கும் வண்டியை வளைவின் உட்பக்கம் இழுத்துத் திருப்புவது எது? திருப்புவது கைப்பிடி என்று நினைக்கிறோம். கைப்பிடி சக்கரத்தைத்தான் திருப்புகிறது. வண்டியைத் திருப்புவது, சக்கரம் தரையைப் பிடிக்கும் பிடிமானம். உள்ளங்கை அளவு டயர், தாரைப் பற்றிக்கொள்ளும் அந்தப் பிடிதான் வண்டியை வளைவில் வைத்திருக்கிறது.

எவ்வளவு பிடி தேவை என்பதை எங்கள் வளைவை வைத்தே கணக்கிடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வண்டியின் ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் 14 கிலோ அளவுக்குப் பக்கவாட்டுப் பிடி வேண்டும். 40-இல் போனால் 25 கிலோ. 50-இல் போனால் 39 கிலோ. 60-இல் போனால் 57 கிலோ. இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேகம் 30-லிருந்து 60 ஆனது, அதாவது இரண்டு மடங்கு. பிடியோ 14-லிருந்து 57 ஆனது, அதாவது நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு பிடி வேண்டும். "கொஞ்சம்தானே வேகமாகப் போனேன்" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரே வளைவு, ஒரே வேகம் என்றாலும் எல்லா வண்டிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காருக்கு ஒரு குணம், லாரிக்கு ஒரு குணம், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு குணம். சாலையை வரையும் பொறியியலாளர் இந்தக் குணங்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வளைவை வரைகிறார்.

முதலில் காரைப் பார்ப்போம். கார் அகலமானது, குட்டையானது. அதன் எடை தரைக்கு அருகில் இருக்கிறது. பிடி போதாமல் போனால் அது சறுக்கும். தட்டையான தார்ச்சாலையில் எளிதில் கவிழாது. காய்ந்த நல்ல சாலையில் 100 கிலோவுக்கு 70 கிலோவுக்கும் மேல் பிடி கிடைக்கலாம். மழை பெய்து, தாரும் வழுவழுப்பாகி, டயரும் தேய்ந்திருந்தால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை மிகவும் மோசமானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும்.

அடுத்து லாரி. செம்பனைக் குலைகளைக் கூம்பாக ஏற்றிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.9 மீட்டர். பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கர அகலத்தில் பாதியை இந்த உயரத்தால் வகுத்தால் 0.47 வரும். அதாவது 100 கிலோவுக்கு 47 கிலோ இழுப்பு வந்தவுடன் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். வில்பட்டைகள் சாய்வதாலும் பாரம் நகர்வதாலும் உண்மையில் அதற்கு முன்பே எழும்பும். ஆகவே காய்ந்த சாலையில் கார் சறுக்கும் முன்னரே லாரி கவிழ்ந்துவிடும். எங்கள் வளைவில் 60 வேகத்துக்கு 57 கிலோ பிடி வேண்டும் என்று பார்த்தோமல்லவா? அந்த வேகத்தில் அந்த லாரி நிற்காது. 50 வேகத்திலேயே அதன் நிலை நூலிழையில்தான் இருக்கும்.

லாரி ஓட்டுநருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சறுக்கும் வண்டி முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை தரும். டயர் கீச்சிடும், வண்டி நழுவுவது தெரியும். கவிழும் லாரியோ அப்படிச் சொல்லிவிட்டுக் கவிழ்வதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் உணர்வதற்குள் பின்சக்கரம் எழும்பியிருக்கும். பாதி நிரம்பிய எண்ணெய்த் தொட்டி லாரியில் ஆபத்து மேலும் அதிகம். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளிப்பக்கம் ஓடி, கவிழ்க்க உதவி செய்யும். ஒரு காலத்தில் நம் பெற்றோர் லாரியின் பின்னால் நின்றபடியே வேலைக்காட்டுக்குப் போய் வந்தார்கள். நிற்கும் ஒவ்வொரு மனிதரும் பாரத்தின் நடுப்புள்ளியை மேலே தூக்குகிறார் என்பதை அன்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது, நமது மோட்டார் சைக்கிள். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்தே ஆகவேண்டும். எங்கள் வளைவில் 30 வேகத்துக்கு 8 பாகை சாய வேண்டும். 60 வேகத்துக்கு ஏறக்குறைய 30 பாகை சாய வேண்டும். சாயும்போது ஓட்டுபவரின் தலை எங்கே போகிறது? தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 8 பாகைச் சாய்வில் ஒரு சாண் அளவு உட்பக்கம் நகரும். 30 பாகைச் சாய்வில் ஒன்றரை முழத்துக்கும் மேல் நகரும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலப்பக்க வளைவில் வலப்பக்கம் சாய்கிறோம். டயர் நம் தடத்தில்தான் ஓடுகிறது. தலையும் தோளுமோ நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வரும் லாரியின் தடத்துக்குள் போய்விடுகின்றன! "என் பக்கத்தில்தானே போனேன்" என்று சொல்லும் இளைஞர் பொய் சொல்லவில்லை. அவருடைய டயர் அவர் பக்கத்தில்தான் இருந்தது. ஆகவே வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டி ஓட்டக்கூடாது. இடப்பக்க வளைவிலும் சாலை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. அங்கே தலை போகும் பக்கத்தில் கம்பமும் மரமும் நிற்கும்.

இன்னொன்று, தடை பிடிப்பது. டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. இருக்கும் தொகை ஒன்றுதான். அரிசிக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்றில் அதிகம் செலவழித்தால் மற்றதற்குக் கை கடிக்கும். டயரும் அப்படியே. திரும்புவதற்கும் அதே பிடிதான், வேகத்தைக் குறைப்பதற்கும் அதே பிடிதான். வளைவின் நடுவில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கு வேண்டிய பிடி செலவாகிப் போய்விடும். முன்சக்கரம் நழுவும், இரண்டு சக்கர வண்டியில் முன்சக்கரம் நழுவினால் விழுவதைத் தவிர வழி இல்லை. அன்று மழையில் அந்தத் தகப்பனாருக்கு நேர்ந்தது இதுதான். எதிரே டிராக்டர் வருவதைக் கண்டார், பிரேக்கை அழுத்தினார், சக்கரத்தின் கீழே டிராக்டர்கள் சிந்திவிட்டுப் போன சேறு இருந்தது. அவர் குடிக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, இந்தக் குணங்களையெல்லாம் அறிந்த பொறியியலாளர் என்ன செய்கிறார் என்று காண்போம். அவர் கையில் ஐந்து கருவிகள் உண்டு.

முதல் கருவி, பெரிய ஆரம். 60 வேகத்துக்கு வளைவு அமைக்கும்போது டயர் கொடுக்கக்கூடிய பிடி முழுவதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 100 கிலோவுக்குச் சுமார் 15 கிலோ மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஏன் இவ்வளவு குறைவு? அமெரிக்காவில் 1930-களிலும் 1940-களிலும் காருக்குள் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்து, அதற்குள் ஓர் எஃகுக் குண்டை உருளவிட்டு, வளைவில் அந்தக் குண்டு எவ்வளவு தூரம் ஒதுங்குகிறது என்று பார்த்தார்கள். எந்த அளவில் உள்ளே இருப்பவர்கள், "ஐயோ, தள்ளுகிறதே!" என்று சங்கடப்படுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். சங்கடம் தோன்றும் அளவே எல்லையாக வைக்கப்பட்டது. மீதமுள்ள பிடி மழைக்கும், தேய்ந்த டயருக்கும், அவசரமாகப் பிரேக் பிடிப்பதற்கும் சேமிப்பாக விடப்பட்டது. நாம் வேகமாகப் போகும்போது அந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறோம்.

இரண்டாவது கருவி, வெளி ஓரத்தை உயர்த்துவது. பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளத்தில் பார்த்தோமே, அதே தந்திரம். சாலையை உட்பக்கம் சரித்துவிட்டால் வண்டியின் எடையில் ஒரு பங்கு தானே உட்பக்கம் இழுக்கும். டயருக்கு வேலை குறையும். நம் பொதுப்பணித் துறை 1986-இல் வெளியிட்ட சாலை வடிவமைப்பு வழிகாட்டி, நாட்டுப்புறச் சாலைகளில் 100-க்கு 10 வரையும், நகரச் சாலைகளில் 100-க்கு 6 வரையும் சரிக்கலாம் என்று வகுத்தது. டயருக்கு 15, சரிவுக்கு 10, ஆக 25. அந்தக் கணக்குப்படி 60 வேகத்துக்கு 110 மீட்டருக்குக் குறையாத ஆரம் வேண்டும். எங்கள் வளைவோ 50 மீட்டர்தான்!

"இன்னும் அதிகமாகச் சரித்துவிட்டால் என்ன?" என்று மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் எல்லாரும் 60-இல் வருவதில்லை. பாரம் ஏற்றிய லாரி மெதுவாக ஊர்ந்து வரும். சில நேரம் வளைவிலேயே நின்றுவிடும். அதிகமாகச் சரித்தால் அது உட்பக்கம் சாயும். மழையில் நின்ற வண்டி கீழ்நோக்கி வழுக்கும். வேகமாக வருபவனை மட்டும் பார்த்தால் போதாது, மெதுவாக வருபவனையும் பார்க்க வேண்டும். சாலை இருவருக்கும் பொது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மழை நீர் வடிவதற்காகச் சாதாரணச் சாலைகளின் நடுவை உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்திப் போடுவார்கள். அந்தச் சாலை வளைவிலும் அப்படியே இருந்தால், வலப்பக்க வளைவில் நம் தடம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். உதவி செய்ய வேண்டிய சரிவு, நம்மை வெளியே தள்ளும் சரிவாகிவிடும். எங்கள் வளைவில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். அது வெளி ஓரத்தை நோக்கித்தான் ஓடியது.

மூன்றாவது கருவி, மெல்ல மெல்ல வளைப்பது. நேர்ச்சாலையிலிருந்து சட்டென்று வட்டத்துக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. கைப்பிடியைத் திருப்பச் சில வினாடிகள் வேண்டும். ஆகவே நேர்ச்சாலைக்கும் வட்டத்துக்கும் நடுவில், சிறிது சிறிதாக வளைவு கூடும் ஒரு துண்டை வைக்கிறார்கள். இதுவும் இரயில்வேக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடமே.

நான்காவது கருவி, சாலையை அகலப்படுத்துவது. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கிள்ளான் பட்டணத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லாரிகள் இரவு பகலாக வந்துகொண்டிருக்கின்றன. முனையில் கூர்மையாகத் திரும்பும்போது, நீண்ட இழுவை லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட மூன்று மீட்டருக்கும் மேல் உட்பக்கம் வரக்கூடும். ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் இருப்பவரும் நிற்கும் இடம் அது! சமிக்ஞை விளக்கருகே இடப்பக்கம் திரும்ப நிற்கும் கொள்கலன் லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். ஓட்டுநர் உங்களைப் பார்க்கமாட்டார். லாரியின் தலை உங்களை விட்டு விலகிப் போவது போலத் தோன்றும்; அதன் வால் உங்களைத் தேடி வரும்.

ஐந்தாவது கருவி, பார்வை. 60 வேகத்தில் வருபவர் ஓர் ஆபத்தைக் கண்டு, மனத்தில் உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க 85 மீட்டர் ஆகும். அதில் பாதி தூரம், பிரேக் பிடிக்கும் முன்பே ஓடிவிடும். 30 வேகத்தில் வருபவருக்கு 30 மீட்டர் போதும். நேர்ச்சாலையில் 85 மீட்டர் தெரியும். வளைவில் தெரியுமா? எங்கள் வளைவில் 85 மீட்டர் தெரிய வேண்டுமென்றால், உட்பக்கம் 17 மீட்டர் வரை வெட்டவெளியாக இருக்க வேண்டும். இரண்டு வரிசைச் செம்பனை நிற்கும் இடம் அது. 30 மீட்டர் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இரண்டேகால் மீட்டர் திறந்திருந்தால் போதும். இரண்டு வரிசைச் செம்பனையை வெட்டு என்று நாம் யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் இரண்டேகால் மீட்டர் புல்லை வெட்டலாம். 30-க்குமேல் போகாமல் இருக்கலாம்.

நேயர்களே, நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். ஒவ்வொரு வளைவும் ஏதோ ஒரு வண்டியை மனத்தில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலை வளைவு, பொறியியலாளர் கணக்குப் போட்ட வண்டிக்காக. தோட்டத்து வளைவோ, கணக்குப் போட்டு வரைந்ததன்று. மாட்டு வண்டியும் பிறகு டிராக்டரும், மேட்டையும் ஓடையையும் சுற்றிப் போன தடத்தின் மேல் பின்னாளில் தாரை ஊற்றினார்கள். மாட்டு வண்டிக்கு அது நல்ல வளைவு. அறுபதில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது பொறி.

வண்டியின் குணத்தை அறிந்து சாலை அமைத்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை 1970-களின் தொடக்கத்தில், உலக வங்கித் திட்டத்தின் கீழ் போடப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உரிய பாதைகளில் உலகில் முந்தியது அதுவே என்பர். 1990-களின் தொடக்கத்தில் அது மேலும் நீட்டப்பட்டது. நீட்டப்பட்ட பகுதியைப் புத்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராடின் உமாரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் அதே பாதையில் போய் வருபவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். மேம்பாலங்களுக்குக் கீழே நுழையும் இடங்களில் பாதை குறுகி, சுருக்கென்று வளைகிறது. நெடுஞ்சாலையின் கார் வளைவு வேறு, அதை ஒட்டிய மோட்டார் சைக்கிள் வளைவு வேறு. பக்கத்தில் ஓடும் காரின் வேகத்தைப் பார்த்து நாமும் ஓட்டினால் அந்த வளைவு மன்னிக்காது.

மலைச்சாலை இறக்கத்தில் வளைவு மேலும் கொடியது. 2013 ஆகஸ்டு 21-ஆம் நாள், கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாம் மறக்க முடியாது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடி இழக்கும். பிடி இழந்த வண்டி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னைவிட வேகமாக வந்து சேரும். ஆகவேதான் தாழ்ந்த கியரில், இஞ்சினின் பலத்தாலேயே வேகத்தை அடக்கி இறங்க வேண்டும் என்கிறார்கள். தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இந்த விதி பொருந்தும்.

எங்கள் வளைவில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மாணவர்கள் தாங்கள் அளந்ததை ஒரு தாளில் படமாக வரைந்து, கணக்கும் எழுதினார்கள். பெற்றோர் சங்கத்தார் அதை எடுத்துக்கொண்டு நிர்வாகத்தைப் பார்த்தார்கள். சாலையை வெளியே உயர்த்திப் போடப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உட்பக்கப் புல்லை வெட்ட ஒப்புக்கொண்டார்கள். தாழ்ந்து தொங்கிய மட்டைகளும் வெட்டப்பட்டன. ஒரு கோத்தோங் ரோயோங் நாளில் வெளி ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். 30 என்று எழுதிய பலகை ஒன்றை, வளைவில் அன்று, வளைவுக்கு முன்பாக, வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் நட்டோம். சேறு சிந்தும் டிராக்டர்காரர் இப்போது ஒரு மண்வெட்டி எடுத்துவருகிறார். வளைவு அப்படியேதான் இருக்கிறது. இன்றும் 50 மீட்டர்தான். சாலையைத் திருத்தித் தருமாறு கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை. நீங்களும் உங்கள் வளைவை அளந்து, தோட்டத்துச் சாலையானால் நிர்வாகத்திடமும், பொதுச் சாலையானால் ஊராட்சி மன்றத்திடமோ பொதுப்பணித் துறையிடமோ எழுத்தில் கொடுங்கள். "ஆபத்தான வளைவு" என்று எழுதும் கடிதத்தைவிட, "ஆரம் 50 மீட்டர், சரிவு வெளிப்பக்கம், பார்வை இவ்வளவு" என்று எழுதும் கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

அதுவரை, வளைவுக்கு முன்னே மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும் தூரத்துக்குள் என்னால் நிற்க முடியுமா? என் பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டேனா? என் வண்டியில் இருக்கும் பாரம் எவ்வளவு, பின்னால் இருப்பது யார்?

கை முறிந்த அந்தச் சிறுமிக்கு இப்போது குணமாகிவிட்டது. தினமும் காலையில் தந்தையின் பின்னால் அமர்ந்து வருகிறாள். பலகை நட்ட இடம் வந்ததும், "அப்பா, முப்பது!" என்று முதுகில் தட்டுவாளாம். தகப்பனார் சிரித்துக்கொண்டே சொன்னார். தட்டுவதற்கு முன்பே தாம் குறைத்துவிடுவதாகவும் சொன்னார்.